மூவாயிரத்து இருநூற்று முப்பத்து மூன்று தடவை

"அந்தச் சர்வர் செத்துப்போச்சு டீச்சர்," என்றார் அருமைநாயகம்.

லேப்டாப்பை அவர் மேசைமேல் வைத்த வேகத்தில் செந்தூர்க்கனியின் டீ பாதி சிந்தியது.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. ஒரு பயிற்சி நிலையத்தில் எழுத்தர். அவளுக்கு முப்பத்து ஒன்று. வாரத்துக்கு இரண்டு நாள் அவருக்கு ப்ரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கிறாள்.

"எந்தச் சர்வர் அண்ணாச்சி?"

"பரீட்சை நடத்துதவங்களோடது. நூத்தி எண்பத்தேழு பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட் இறக்கணும். நூத்தி எண்பத்தாறு இறங்கிட்டு. பேச்சித்தாய்க்கு மட்டும் தரமாட்டேங்கான்."

"பரீட்சை என்னைக்கு?"

"சனிக்கிழமை. டிக்கெட் இல்லன்னா கேட்டுக்குள்ளயே விடமாட்டான். அந்தப் பிள்ளைக்கு ஒரு வருசம் போயிரும். நல்லாப் படிக்கிற பிள்ளை டீச்சர்."

"எத்தனை தடவை கேட்டுப் பார்த்தீங்க?"

"மூவாயிரத்து இருநூத்தி முப்பத்து மூணு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் தூங்கினாலும் ப்ரோகிராம் தூங்கலை. இறங்கலைன்னா ஒரு நிமிசம் பொறுத்து மறுபடி கேளுன்னு நீங்கதான எழுதச் சொன்னீங்க? மழைக்கு லைன் போய்ப் போய் வந்துச்சு. ஒன்பது பிள்ளைகளுக்கு அப்படித்தான் இறங்குச்சு. இந்த ஒண்ணுக்கு மட்டும் அவனுக்கு என்ன கொழுப்பு?"

"அங்கேயிருந்து வர்ற பதிலையெல்லாம் ஒரு ஃபைல்ல சேர்க்கச் சொன்னேனே. சேருதா?"

"சேருது."

"திறந்து பார்த்தீங்களா?"

"அதுல பார்க்க என்ன இருக்கு? டிக்கெட் வந்தா வந்துச்சு. வரலைன்னா மறுபடி கேக்கணும். அவ்வளவுதான?"

சிந்திய டீயைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே இன்னொரு முறை அழுத்தித் துடைத்தாள்.

"திறங்க," என்றாள். "சத்தமா வாசிங்க."

அவர் திறந்தார்.

"செவ்வாய், காலை பத்து ஆறு. மாணவியின் புகைப்படம் தெளிவாக இல்லை. வியாழன் மாலை ஐந்து மணிக்குள் புதிய படம் ஏற்றினால் ஹால் டிக்கெட் வழங்கப்படும்."

அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

அன்று வியாழன். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு நாலு.

"அடுத்தது," என்றாள்.

"டீச்சர், நான் அந்தப் பிள்ளையை..."

"அடுத்தது வாசிங்க."

"செவ்வாய், காலை பத்து ஏழு. மாணவியின் புகைப்படம் தெளிவாக இல்லை..."

"முழுசா."

முழுவதும் வாசித்தார். மூன்றாவதையும் வாசித்தார்.

"எல்லாம் ஒண்ணுதான் டீச்சர். ஒரு எழுத்து மாறலை."

"இருக்கட்டும். இன்னும் மூவாயிரத்து இருநூத்தி முப்பது இருக்கு."

நாலாவதை வாசித்தார். ஐந்தாவதை வேகமாக வாசித்தார். அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

ஏழாவது முடிந்ததும் அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"என்ன விளையாடுதீங்களா? மணி நாலு எட்டு. முதல் வரியிலயே அவன் தெளிவாச் சொல்லிட்டான். சொன்னதுக்குப் பிறகும் நிமிசத்துக்கு ஒரு தடவை எந்தக் கிறுக்கன் உக்காந்து..."

வாய் திறந்தபடி நின்றார்.

வெளியே ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

செந்தூர்க்கனி குனிந்து நாற்காலியைத் தூக்கி வைத்தாள். அவர் உட்காரவில்லை.

"படத்தை என் ஃபோன்ல எடுத்து, அந்தப் பிள்ளை வீட்டுல இருந்தே ஏத்திரலாமா?"

"ஏத்தலாம்."

பேச்சித்தாயின் எண்ணைத் தேடி அழைத்தார். காதில் வைத்த மறுகணமே ஃபோனை இறக்கினார். பெருவிரல் மறுபடி அதே எண்ணுக்குப் போனது.

பாதி வழியில் நின்றது.

இணைப்பு இன்னும் அறுந்திருக்கவில்லை. ஃபோனைத் திரும்பக் காதில் வைத்தார். உள்ளே ஒரு பெண் குரல் பேசிக்கொண்டிருந்தது. அது சொல்லி முடிக்கும் வரை அசையாமல் கேட்டார்.

"சுவிட்ச் ஆஃப்," என்றார்.

"வீடு எவ்வளவு தூரம்?"

"ஆறு கிலோமீட்டர்."

வண்டிச் சாவி அதற்குள் அவர் கையில் இருந்தது.