புகார் நின்றுபோன பதிப்பு

ஜெபசீலிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. ரத்த வங்கிகளுக்கென்று பலர் கூடி எழுதிய திறந்த மூல மென்பொருள் ஒன்று இருக்கிறது. எந்த வகை ரத்தம் எவ்வளவு கையிருப்பில் இருக்கிறது என்று சொல்லும். வரும் புகார்களை வைத்து, பதிப்புக்குப் பதிப்பு அதன் நம்பகத்தன்மை எப்படி மாறும் என்று கணிக்கும் கணித மாதிரிதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. அது இப்போது கைகூடிவிட்டது.

வழிகாட்டி கமருதீன் அவளைவிட வயதில் இளையவர். அவளோ பாலிடெக்னிக்கில் பல வருடம் பாடம் நடத்தியவள். அதனால் மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

"சார், ஆறாவது பதிப்பு தேறிடுச்சு. புகாரே நின்னுபோச்சு. என் மாதிரி சொன்ன இடத்துலயே வரைபடத்துல புகார்க் கோடு படுத்துடுச்சு பாருங்க. மலையோர ஆஸ்பத்திரிகளை நடத்துற அறக்கட்டளைக்கு, இதைப் போட்டுக்கலாம்னு சொல்லிடவா?"

கமருதீன் கணினிக் கோப்பு ஒன்றை அவளுக்கு அனுப்பினார்.

"இதுவும் திறந்த மூல மென்பொருள்தான். பேர் கேக்காதீங்க. புகார் வந்த தேதி எல்லாம் இருக்கு. உங்க மாதிரியில போட்டுப் பாருங்க."

மதியமே சிரித்த முகத்தோடு வந்தாள்.

"நம்மளதைவிட இது அருமை சார். கடைசியா வந்த பதிப்புகள்ல ஒரு புகார்கூட இல்ல."

"இதை நம்பி ரத்தம் ஏத்தலாமா?"

"தாராளமா ஏத்தலாம். யார் சார் இதைப் பயன்படுத்துறாங்க?"

"யாருமே இல்ல. எல்லாரும் விட்டுட்டுப் போய் ரொம்ப நாளாச்சு. எழுதுனவங்க மட்டும் ஆசைக்குப் புதுசு புதுசா வெளியிட்டுக்கிட்டு இருக்காங்க."

ஜெபசீலிக்குச் சுருக்கென்றது. எழுந்து போனாள்.

அறக்கட்டளையிடம் அவகாசம் கேட்டாள். அவர்கள் முகம் சுளித்தார்கள். ரத்த வங்கி மென்பொருளின் முந்தைய பதிப்புகளுக்குப் புகார் எழுதியவர்களைத் தேடித் தேடிப் போனில் பிடித்தாள். சிலர் எரிந்து விழுந்தார்கள். தென்காசிப் பக்கத்து ரத்த வங்கி ஒன்றில் வேலை பார்க்கும் சண்முகவடிவு மட்டும் பொறுமையாகப் பேசினாள்.

"ஓ நெகட்டிவ் தீர்ந்துபோன அன்னிக்கும் இருக்குன்னே காட்டுச்சும்மா. போன பதிப்புலயே எழுதினோம். பதில் போட ஆளில்ல. புதுசுலயும் அதே கதை. அதான் அந்த மென்பொருளையே தூக்கிட்டோம்."

"அதை எனக்குக் காட்டுவீங்களா? நானே வர்றேன்."

"இப்ப வந்து என்ன செய்யப் போறீங்க?"

"சரியாகுற வரைக்கும் விடமாட்டேன்."

பஸ் பிடித்துப் போனாள். பிழையை நேரில் பார்த்து, மென்பொருளை எழுதியவர்களுக்கு விவரம் அனுப்பினாள். பதில் வரும்வரை தினமும் நச்சரித்தாள். அவர்கள் திருத்தினார்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும், விட்டுப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். புகார்கள் குவிந்தன. படுத்திருந்த கோடு எழுந்து நின்றது.

அந்த வரைபடத்தையும் புகார்களையும் எடுத்துக்கொண்டு கமருதீனிடம் வந்தாள்.

"இத்தனை நாள் போட்ட கணக்கு போச்சு சார். போகட்டும். எத்தனை பேர் பயன்படுத்துறாங்கன்னும் சேர்த்து முதல்லேருந்து போடப்போறேன். ஆனா அறக்கட்டளைக்கு நான் என்ன சொல்ல? புகார் வராதப்ப நல்லா இருக்குன்னேன். இவ்வளவு வந்த பிறகு எந்த வாயால சொல்றது?"

கமருதீன் புகார்களை வாசித்துக்கொண்டே வந்து ஒன்றில் நின்றார்.

"சண்முகவடிவு இன்னிக்குக் காலையில எழுதியிருக்காங்களே?"

"ஆமா சார். இது வேற பிழை. திட்டித் தீர்த்திருக்காங்க."

"அப்போ, தூக்கிட்டோம்னு சொன்ன இடத்துல இன்னிக்கு அது ஓடிக்கிட்டிருக்கு. அறக்கட்டளைக்கு அதைச் சொல்லுங்க, மேடம்."