அழுத முகத்தை எழுதிய செவ்வந்தியப்பர்

மருதங்குளத்து மருதீசர் கோயிலில் செங்காவிக் கல்லை அரைத்து, வேப்பம்பிசின் கலந்து, சுவரில் சித்திரம் எழுதிப் பிழைத்தவர் செவ்வந்தியப்பர். கூலி அரை வயிற்றுக்குக் காணாது. ஆனாலும் ஒரு வேளை தீபாராதனையைத் தவறவிட்டவரல்லர். அதிலும் ஒரு கூத்து பாருங்கள். ஊரே சுவாமியைப் பார்த்துக் கும்பிடும்போது, இவர் மட்டும் தூணோரம் நின்று, கும்பிடுகிறவர்களின் முகங்களைப் பார்த்து உருகுவார்.

"சாமியை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறான், கிறுக்கன்!" என்று சிரித்தார்கள்.

"சாமி வந்து இறங்குகிற இடம் அந்த முகங்கள்தானே" என்பார் அவர்.

மண்டபம் கட்டியவரின் உருவத்தைச் சுவரில் எழுதுவது அக்கால வழக்கம். அந்தக் கோயிலுக்கு மண்டபம் கட்டிய பாளையக்காரர் வீரமலை நாயக்கர் தம் உருவத்தை எழுதச் சொன்னார். அந்த வருஷம்தான் அவருடைய ஒரே மகள் அம்மையில் போயிருந்தாள். தீபம் காட்டும்போது அந்த மீசைக்கார முகம் பச்சைப்பிள்ளை போல உடைந்ததைச் செவ்வந்தியப்பர் கண்டிருந்தார். எல்லார் கண்ணும் சுவாமி மேல் இருந்ததால் வேறு யாருக்கும் தெரியாது. அதையே எழுதினார். ஒரு கன்னத்தில் தீபவெளிச்சம், மறு கன்னத்தில் இருட்டு, இமையோரம் விழப்போகும் ஒரு துளி.

பார்த்த நாயக்கருக்கு மீசை துடித்தது. கூட வந்தவர்கள், "பாதி முகத்தில் கரியை அப்பியிருக்கிறானே!" என்று கெக்கலித்தார்கள்.

"நான் அழுததை நாடெல்லாம் பார்க்கவா? சிரித்த முகமாக எழுதடா!"

"மகாராஜா, சுவாமி முன்னால் தாங்கள் நின்ற முகம் இதுதான். பொய் எழுத அடியேனுக்குக் கை வராது."

"அப்படியானால் இனி கோயில் வாசலை மிதிக்காதே!" என்றவர், சித்திரத்தின் மேல் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டார்.

ஐயோ, சோறில்லாதது அவருக்குப் பழக்கம். சந்நிதி இல்லாமல் எப்படி உயிர் தரிப்பார்? கோபுர வாசலுக்கு வெளியே புழுதியில் உட்கார்ந்து, "அப்பா, உன் சித்தம்" என்றார். யாரையும் வையவில்லை.

அன்று மாலை குருக்கள் தீபம் காட்டினார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாயக்கர் கண்ணுக்கு மட்டும் கருவறை வெறும் இருட்டாய்க் கிடந்தது. "ஈசா, உன்னைக் காணோமே!" என்று அலறினார்.

உள்ளிருந்து ஒரு குரல் அவர் காதில் விழுந்தது.

"யாரப்பா நீ? மகளைப் பறிகொடுத்து அழுதுகொண்டு வருவானே ஒருவன், அவனை எனக்குத் தெரியும். என் செவ்வந்தி அவனைத்தான் எழுதினான். உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லையே."

நாயக்கர் மண்டபத்துக்கு ஓடினார். ஈரச் சுண்ணாம்பைத் தம் பட்டு அங்கவஸ்திரத்தால் துடைத்தார். ஒரு கோடும் அழியவில்லை. அங்கிருந்து வாசலுக்குப் போய், புழுதியிலிருந்தவரின் காலில் விழுந்தார்.

"என் துக்கத்தைச் சுவாமி பார்த்தார், நீர் பார்த்தீர். வேறு யார் பார்த்தார்கள் ஐயா?" என்று ஊரறிய ஓவென்று அழுதார். செவ்வந்தியப்பர் அவரை அணைத்துக்கொண்டு தாமும் அழுதார்.

ஈசனுக்குத் தெரிந்த முகத்தை மறைக்காமல் எழுதிய அந்தக் கைகளை நாமும் கும்பிடுவோம்.