அடைப்பக்காரரின் ஆசனம்

மருதங்கோட்டை ராஜாவின் வெற்றிலைப் பைக்கு அடைப்பக்காரர் என்றொரு பெரிய அதிகாரி உண்டு. ராஜமாணிக்கம் என்று பெயர். பட்டுத் தலைப்பாகை அவருக்கு. வெற்றிலை மடிப்பது, பை சுமப்பது எல்லாம் வேலையாள் மூக்கையன்.

"ஆதியில் என் பதவிக்கு இருந்த மரியாதைகளை நாளைக்குச் சபையில் நீ சொல்லவேண்டும். இல்லையென்றால் வேலை போய்விடும்" என்றார் அதிகாரி. பழைய ஏடுகளையோ கரையான் தின்று தீர்த்திருந்தது. மறுத்துச் சொல்லவும் ஆளில்லை என்று மூக்கையன் தெம்பாகத் தூங்கினான்.

மறுநாள் சபையில் சொன்னான்: "மகாராஜா, அந்தக் காலத்தில் அடைப்பக்காரருக்கு மன்னர் பக்கத்திலேயே ஆசனம். முதல் வெற்றிலையும் அவருக்குத்தான்."

ராஜமாணிக்கம் மீசையை முறுக்கிக்கொண்டு ஆசனத்தில் போய் உட்கார்ந்தார்.

"எனக்கு முன்னால் அவருக்கா? எதற்கு?" என்றார் ராஜா.

"விஷம் இருந்தால் தெரிந்துவிடுமே, மகாராஜா. நேற்றுக்கூடப் பகைநாட்டு அரசர் ஒரு கூடை வெற்றிலை அனுப்பியிருக்கிறார்."

வெற்றிலைத் தட்டுக்கு நீண்ட ராஜமாணிக்கத்தின் கை பாதியில் நின்றது. "எனக்குப் பல்வலி. மரியாதையை மூக்கையனே வாங்கிக்கொள்ளட்டும்" என்று எழுந்துவிட்டார் அதிகாரி.

மூக்கையன் உட்கார்ந்து, வாய் சிவக்க நிதானமாக மென்றான்.

"உனக்குப் பயமில்லையா?" என்றார் ராஜா.

"அந்தக் கூடையை இன்னும் பிரிக்கவே இல்லை, மகாராஜா. இது நம் கொடிக்கால் வெற்றிலை."

அன்று முதல் ஆசனம் மூக்கையனுக்கு, பல்வலி ராஜமாணிக்கத்துக்கு.