மொழுக்கன் பைக்குள் போன வடு

முன்னொரு காலத்திலே, நிலாவுக்கு இன்னும் கறை விழாத காலத்திலே, ஒளிமங்கலம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்ட மகரந்தராஜாவுக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அது ஒரு குத்தமா? அவருக்கு அதுதான் பெரிய குத்தம். கண்ணாடியைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் மொழுக்கன் என்கிற மந்திரவாதி அரண்மனைக்கு வந்தான். உடம்பிலே ஒரு மரு இல்லை, ஒரு கீறல் இல்லை, உள்ளங்கையிலே ரேகைகூட இல்லை.

"தழும்பைக் குடுத்தேன்னு வாயால சொல்லுங்க ராஜா, எடுத்துக்கறேன். கூலி வேண்டாம்."

ராஜா சொன்னார். மொழுக்கன் கையை வைத்தான். "தொட்டா வழவழ, தடவினா பளபள!" தழும்பெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்து அவன் பைக்குள்ளே விழுந்தது. ராஜா முகம் உரித்த முட்டை மாதிரி ஆகிவிட்டது.

அத்தோடு விட்டாரா மனுஷன்? ஊரே வழவழப்பாக இருக்க வேண்டும் என்று தண்டோரா போட்டுவிட்டார். குடத்து ஒடுக்கு போச்சு, உரல் குழி போச்சு, தெருவிலே வண்டித்தடம் போச்சு. உரலிலே போட்ட நெல் வழுக்கி ஓட, உலக்கையோடு பின்னால் ஓடின பெண்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

அதுகூடப் பரவாயில்லை. தழும்பு போனவர்களுக்கு, அது எப்படி வந்தது என்கிற நினைப்பும் கூடவே போச்சு. அம்மை கண்டபோது ராஜாவுக்கு ராப்பகலாக வேப்பிலை வீசின செவிலித்தாயை, "யார் இந்தக் கிழவி?" என்று கேட்டு அவரே அனுப்பிவிட்டார்.

அரண்மனை வாசலிலே பணியாரம் சுட்டு விற்கிறவள் அஞ்சுகம். அவளிடம் இரண்டு பணியாரக்கல், கல்லுக்கு ஏழு குழி. மொழுக்கன் அதையும் கேட்டான்.

"குழி போனா அது பணியாரமாய்யா? போ, போ, வியாபார நேரத்துல" என்று விரட்டிவிட்டாள்.

அவள் புருஷன் வீரணன் கோட்டை வாசல் காவல்காரன். அவன் புருவத்திலே ஒரு வெட்டு வடு. கல்யாணத்துக்கு முந்தி, கிணற்றிலே விழுந்த வாளியை எடுக்கிறேன் என்று அஞ்சுகம் கயிறு கட்டாமல் இறங்கி வழுக்கி விழுந்தாள். குதித்துக் காப்பாற்றினவன் வீரணன். கல் இடித்து அவனுக்குப் புருவம் கிழிந்தது, அவளுக்கு முழங்கால் கிழிந்தது. அப்புறம் கல்யாணம். கோபம் வந்தாலும் சரி, கொஞ்சல் வந்தாலும் சரி, அவன் சொல்வது ஒன்றேதான்: "கயித்தைக் கட்டாம எவளாவது கிணத்துல இறங்குவாளாடி?"

காவல்காரர் எல்லாரும் வடுவைக் குடுத்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. ராஜா பேச்சை எப்படித் தட்டுவான்? குடுத்தான். அன்று மத்தியானம் பணியாரம் எடுத்துக்கொண்டு அஞ்சுகம் கோட்டை வாசலுக்குப் போனாள்.

"வாங்கம்மா, யாரைப் பார்க்கணும்?" என்றான் வீரணன்.

வாங்கம்மாவாம்! தட்டு கைநழுவிப் பணியாரமெல்லாம் மண்ணாச்சு. கடையைச் சுருட்டிக் கூடையிலே போட்டுத் தலையிலே தூக்கிக்கொண்டு நேரே மொழுக்கன் வீட்டுக்கு நடந்தாள்.

அங்கே அவன் பையிலிருந்து தழும்பு ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கன்னத்திலே அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் வழுக்கி விழுந்தது.

"எனக்குன்னு எதுவுமே நடந்ததில்ல அம்மணி. நடந்தா ஒரு குறியாவது இருக்குமே. மேல ஒரு குறியும் இல்லாததாலதான் என் மந்திரம் பலிக்குது. ஆனா பாரு, அடுத்தவங்களுது எதுவும் ஒட்ட மாட்டேங்குது." இதையும் சும்மா வெயில் மழை பேசுகிற மாதிரிதான் சொன்னான்.

"என் புருஷன் வடுவைத் திருப்பிக் குடு."

"சும்மாவா?"

"பல்லாங்குழி ஆடலாம். நான் ஜெயிச்சா பையில கைவிட்டு ஒண்ணு எடுத்துக்கறேன். நீ ஜெயிச்சா என் முழங்கால் தழும்பு உனக்கு."

"என் வீட்டுல ஏது குழி?"

அஞ்சுகம் இரண்டு பணியாரக்கல்லையும் எடுத்து அக்கம்பக்கமாக வைத்தாள். பதினாலு குழி! மடியிலிருந்த புளியங்கொட்டையைப் பரப்பினாள்.

"மூணே ஆட்டம்" என்றான் மொழுக்கன்.

முதல் ஆட்டம் அவள் ஜெயித்தாள். பையிலே கைவிட்டால் வந்தது ஒரு சொம்பின் ஒடுக்கு. எந்த மாமியார் எந்த மருமகள் மேலே எறிந்ததோ! இரண்டாவது ஆட்டமும் அவளுக்குத்தான். வந்தது ஒரு கழுதையின் குளம்புத்தடம். இந்தப் பையிலே தேடி எடுக்க ஆயுசு பத்தாது என்று அவளுக்குத் தெரிந்துபோச்சு.

ஆனால் ஒன்றைக் கவனித்தாள். வெறுங்குழியைத் துடைத்து, அடுத்த குழியிலே கிடந்ததை அவன் அள்ளினபோது, சிரிப்பு எட்டிப் பார்க்கிற மாதிரி வாயோரம் லேசாகத் துடித்தது.

மூன்றாவது ஆட்டம். அவன் மொத்தமாக அள்ளுவதற்கென்றே, ஒரே குழியிலே கொட்டை சேரட்டும் என்று விட்டுக்கொண்டே வந்தாள். கணக்குத் தப்பினால் அந்தக் கிணறு அவளுக்கும் மறந்துபோகும். அப்புறம் அவன் யாரோ, அவள் யாரோ.

மொழுக்கன் கடைசிக் கொட்டையைப் போட்டான். அடுத்தது வெறுங்குழி. துடைத்தான். அதற்கடுத்த குழியிலே குவியல்!

"அள்ளிட்டேன்! நான்தான் அள்ளினேன்!" கெக்கெக்கே என்று சிரித்தான். பிறந்ததிலிருந்து சிரிக்காத சிரிப்பெல்லாம் சேர்த்துச் சிரித்தான்.

"ஜெயிச்சுட்டே. குடுத்தேன், எடுத்துக்கோ" என்று அஞ்சுகம் முழங்காலை நீட்டினாள்.

"தொட்டா வழவழ, தடவினா பளபள!" தழும்பு அசையவில்லை. மறுபடி சொன்னான். ஊஹூம். மூன்றாவது தரம் கத்தியே சொன்னான். தழும்பு அப்படியே இருந்தது.

அவளுக்குப் போன உயிர் வந்தது. "கன்னத்தைத் தொட்டுப் பாருய்யா" என்றாள்.

தொட்டான். சிரிப்பு அடங்கியும் இடது கன்னத்திலே குழி போகவில்லை. ஒரு புளியங்கொட்டை உட்காரும் அளவுக்குக் குழி! அவன் மேலேயும் ஒரு குறி விழுந்தாச்சே, இனி மந்திரம் எங்கே பலிக்கும்? பை டப்பென்று கிழிந்தது. ஒடுக்கும் பள்ளமும் கீறலும் தழும்பும் தத்தம் வீட்டைத் தேடிப் பறந்தன. சொந்தக்காரன் செத்துப்போன ஒரு தழும்பு மட்டும் போக்கிடம் இல்லாமல் மேலே போய் நிலாவிலே உட்கார்ந்துகொண்டது. ராஜா தன் முகத்தைத் தடவிப் பார்த்து, "ஐயோ, என்னை வளர்த்த அம்மா எங்கே? பல்லக்கு அனுப்புங்கடா!" என்று அலறினார்.

மொழுக்கனுக்குக் கோபமே வரவில்லை. கன்னக்குழியிலே விரலை வைத்துக்கொண்டு, "இன்னொரு ஆட்டம் போடலாமா?" என்றான்.

"வேலை கிடக்குய்யா. நாளைக்கு வா" என்று கல்லை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கோட்டை வாசலிலே வீரணன் புருவத்தைத் தடவிக்கொண்டு நின்றான். அஞ்சுகத்துக்குக் கிட்டே போகப் பயம். வாங்கம்மா என்று ஆரம்பித்துவிட்டால்? தூரத்திலேயே நின்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். முறைத்தான்.

"ஏண்டி, கயித்தைக் கட்டாம எவளாவது கிணத்துல இறங்குவாளா?"

"பின்னே நீங்க எதுக்கு இருக்கீங்க?" என்று சொல்லி ஓவென்று அழுதாள்.

வீடு போய்ச் சேரும்வரை அவன் திட்டிக்கொண்டே வந்தான். அவளும் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டே வந்தாள்.