முதுகு காட்டாத நிலா

"நிற்காதீர்கள் சேந்தரே, இன்னும் கால் சுற்று இருக்கிறது" என்றாள் அமைச்சர் மங்கலை.

அவையின் மூத்தவரான சேந்தர், நடுவில் அமர்ந்திருந்த அரசன் வல்லபராயனைச் சுற்றிப் பக்கவாட்டில் அடிவைத்தார். முகம் அரசன் பக்கமே இருந்தது. ஆழியூர் அவையில் அரசனுக்கு யாரும் முதுகு காட்டுவதில்லை. காட்டினால் அரசன் இருமுவான். அந்த இருமலுக்கு நாடே நடுங்கும்.

காலையில் மங்கலை, நிலாவும் தன்னைத்தானே சுற்றுகிறது என்று சொல்லிவிட்டாள். சேந்தர் விடவில்லை.

"சுற்றினால் ஒருநாளாவது முதுகு தெரிய வேண்டாமா? எந்நாளும் அதே முயல்தானே தெரிகிறது! பொய் சொல்கிறவருக்கு அமைச்சர் மோதிரம் எதற்கு, அரசே?"

"நிலா எழுவதற்குள் நிரூபி" என்றான் அரசன். "முடியாவிட்டால் மோதிரம் சேந்தருக்கு. நீ எல்லைக்கு அப்பால்."

இப்போது பொழுது சாய்ந்து, கிழக்குச் சாளரம் எழப்போகும் நிலாவின் ஒளியில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. மங்கலை விரலில் மோதிரத்தைத் தடவிக்கொண்டாள். சேந்தர் புறப்பட்ட இடத்துக்கே வந்து மூச்சு வாங்கினார்.

"திரும்பினீர்களா?"

"திரும்புவதா? அரசரை விட்டு முகத்தை எடுக்கவேயில்லை!"

"அரசருக்குப் பின்னால் என்னென்ன தெரிந்தது?"

"முதலில் யானைச் சித்திரம். அப்புறம் விளக்கு, சாளரம், வாசல். மறுபடி யானை."

"நின்ற இடத்திலேயே நாலு சுவரையும் பார்க்க வேண்டுமானால்?"

"ஒரு முறை முழுசாகத் திரும்ப..." சேந்தர் குனிந்து தம் கால்களைப் பார்த்தார்.

அரசன் தொடையில் தட்டிச் சிரித்தான். "நீரே சாட்சி சொல்லிவிட்டீரே! ஆனால் மங்கலை, ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு திருப்பம். யார் அளந்து வைத்தது?"

"பூமியின் இழுப்பு, அரசே. இழுத்ததில் நிலா லேசாகப் புடைத்தது. அது வேகமாகச் சுழன்றபோதெல்லாம் பூமி அந்தப் புடைப்பைப் பிடித்துத் தடுத்தது. சுழற்சி தளர்ந்து தளர்ந்து இந்தக் கணக்கில் வந்து நின்றது. சேந்தர் அவைக்கு வந்த புதிதில் கிளி கத்தினால் திரும்புவார், காற்றடித்தால் திரும்புவார். உங்கள் இருமல்தானே அவரை நிறுத்தியது?"



"மோதிரம் உன்னிடமே இருக்கட்டும்" என்றான் அரசன்.

அவன் எழுந்து, சேந்தரைக் கடந்து சாளரத்தருகே போய் நின்றான். வழக்கப்படி சேந்தரும் அவனை நோக்கித் திரும்பினார். முப்பது வருஷமாக அவர் முதுகுக்குப் பின்னாலேயே எழுந்துகொண்டிருந்த நிலா, அரசன் தோளுக்கு மேல் பாதி தெரிந்தது.

அரசன் ஓரடி விலகி நின்றான்.