மாமன் ஏறி வராத ஜீப்

ஓடைக்கரைக் காட்டில் சடையன் என்ற கரடி இருந்தான். யாரோ விட்டுப்போன பழைய ஜீப் ஒன்று அவனிடம் இருந்தது. ஜீப் வைத்திருக்கும் ஒரே கரடி என்ற பெருமையில் அவன் கால் தரையில் பாவவில்லை.

அவன் தங்கை பூவாயி மலைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் குட்டிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்துவார்கள்? கரடிகளுக்கும் அதே வழக்கம்தான்.

சடையன் தேனடை, பலாப்பழம், ஒரு கூடை நாவல்பழம் என்று சீர் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் கிளம்பினான். ஓடைப் பாறையில் ஏறி இறங்கியதும் 'மடக்!' என்று ஒரு சத்தம். அச்சு முறிந்துவிட்டது.

மெக்கானிக் குரங்கு முத்தாண்டி வந்து வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

“அண்ணே! உடைஞ்ச அச்சு வெளியே வரமாட்டேங்குது! துரு ஏறிக் கவ்விப் பிடிச்சிருக்கு!”

“அடிச்சு எடு!”

அடித்த அடியில் அச்சு வரவில்லை, சக்கரத்தில் விரிசல்தான் வந்தது. எண்ணெய் ஊற்றினார்கள். சூடு காட்டினார்கள். ஒருவழியாக அச்சைப் பிடுங்கி எடுத்து, வேலமரத்தைச் செதுக்கி அந்த இடத்தில் மாட்டினார்கள். ஓரடி நகர்ந்ததும் அதுவும் முறிந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்!

காக்கை ஒன்று தூது வந்தது. “எப்ப வருவீங்கன்னு பூவாயி கேக்குது!”

“வண்டி சரியானதும் வந்துடுறேன்னு சொல்லு!”

நாள்கள் ஓடின. மாமன் வராமல் காதுகுத்தும் தள்ளிக்கொண்டே போயிற்று. பலாப்பழம் அழுகியது. நாவல்பழம் குருவிகளுக்குப் போயிற்று. தேனடையை எறும்புகள் தின்று தீர்த்தன.

சடையன் மலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தாயில்லாத தங்கையை முதுகில் சுமந்து வளர்த்தவன் அவன். தேனீ கொட்டினால் அவன் கழுத்து மயிரில்தான் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவாள். அவளைப் பார்க்கவேண்டும் என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. கால்கள் நான்கும் நன்றாகத்தான் இருந்தன! ஆனால் வெறுங்கையோடு நடந்து போனால் மாமன் மதிப்பு என்னாவது?

ஒருநாள் விடிந்ததும் காக்கை பதறிக்கொண்டு வந்தது.

“காது குத்துற முள்ளம்பன்றி இன்னிக்குச் சாயங்காலம் ஊரைவிட்டுக் கிளம்புது! அதுக்குள்ள நீங்க வரலைன்னா பூவாயியோட மாமனார் மடியிலேயே வச்சுக் குத்தப்போறாங்க! பூவாயி அழுதுக்கிட்டு நிக்குது!”

“இன்னும் ஒரே ஒரு வழி இருக்குண்ணே!” என்றான் முத்தாண்டி. “தேக்கு அச்சு மாட்டிப் பார்த்துடலாம்!”

“சாயங்காலத்துக்குள்ள ஓடுமா?”

முத்தாண்டி தலையைச் சொறிந்தான். “ஓடினாலும் ஓடும்...”

சடையன் காக்கையிடம் திரும்பினான். “ஜீப்பைப் பத்திப் பூவாயி என்ன சொல்லுச்சு?”

“நானும் ஜீப்பு ஜீப்புன்னு சொல்லிப் பார்த்துட்டேன். அது காதுலேயே வாங்கலை. அண்ணன் வருதான்னு மட்டும்தான் கேக்குது!”

சடையனுக்குச் சுருக்கென்றது. ஜீப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மலைமேல் ஏறினான். முள் கிழித்தது, பாறை வழுக்கியது. அவன் எங்கும் நிற்கவில்லை.

அவன் போய்ச் சேர்ந்தபோது முள்ளம்பன்றி முள்ளைக் கையில் எடுத்துவிட்டது. குட்டி மாமனார் மடியில் இருந்தது.

“பொறுங்க! தாய்மாமன் வந்துட்டேன்!” என்று மூச்சிரைக்கக் கத்தினான் சடையன்.

பூவாயியின் மாமியார் அவனை மேலும் கீழும் பார்த்தாள். “மாமன் வந்தாச்சு. சீர் எங்கே?”

சடையன் தலைகுனிந்தான்.

“வழியைப் பார்த்துப் பார்த்து என் கண்ணே பூத்துப்போச்சு அண்ணே!” என்று ஓடிவந்தாள் பூவாயி. பிறகு மாமியாரிடம் திரும்பி, “எங்க அண்ணனே வந்து நிக்குது. இதைவிட என்ன சீர் வேணும்?” என்று சொல்லி, குட்டியைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

முள் குத்தியதும் குட்டி வீலென்று கத்தியது. கத்திக்கொண்டே, அம்மா அந்த வயதில் செய்தபடியே, சடையன் கழுத்து மயிரில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

நம் வழியைப் பார்த்து நிற்பவர்களுக்கு வேண்டியது நாம்தான், நாம் ஏறி வரும் வண்டி அல்ல.