பலாப்பிசின் ஒட்டிய கை

பண்ருட்டிப் பக்கம் ஒரு சின்ன மடம். அங்கே தவமணி அம்மைதான் குரு. மடத்துச் சமையலைப் பார்த்துக்கொண்ட சீடர் மாசிலாமணி, குருவைவிட வயதில் ரொம்பவே மூத்தவர்.

நெஞ்சுவலி வந்து பிழைத்த மனிதர். வறுத்தது பொரித்ததைக் குறைக்கவும், வனஸ்பதியை அடியோடு விடவும் சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். இவரோ எண்ணெய் என்ற பேச்சையே விட்டுவிட்டார். தேங்காய், வேர்க்கடலை, எள் எல்லாம் மடத்தைவிட்டு வெளியேறின. ரசம் தாளிக்காமல் வந்தது. கீரை வெந்நீரில் மிதந்தது. மற்ற சீடர்கள் மோட்சத்தை மறந்துவிட்டு ஒரு பிடி வேர்க்கடலைக்கு ஏங்கினார்கள்.

கேலி இருக்கட்டும். மனிதர் எலும்பும் தோலுமாகிவிட்டார். பூசையில் நிற்கும்போது கால் நடுங்கியது. பார்க்கவே பாவமாக இருந்தது.

"எண்ணெயைப் பார்த்தாலே நெஞ்சை அடைக்குதும்மா. ஒரு சொட்டு உள்ள போனாலும் செத்துடுவேனோன்னு இருக்கு. இந்தப் பயம் எப்பத்தான் தீரும்?" என்று ஒருநாள் குருவிடம் கேட்டார்.

 அம்மை, யாரோ கொண்டுவந்து வைத்திருந்த பலாப்பழத்தைக் காட்டினார்.

"அதை அறுங்க."

பலா அறுக்கிறவர்கள் முதலில் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். மாசிலாமணிக்கும் அது தெரியும். ஆனால் தொடமாட்டாராம்! வெறுங்கையோடு அறுத்தார்.

கொஞ்ச நேரத்தில் விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் கழுவினார். சோப்புப் போட்டார். சாம்பலும் தேய்த்துப் பார்த்தார்.

"பிசின் போகலையேம்மா."

அம்மை தன் அறையிலிருந்து நல்லெண்ணெய்ப் புட்டியை எடுத்துவந்து, அவருடைய வலது உள்ளங்கையில் கொஞ்சம் விட்டார்.

"தேயுங்க."

பயந்துகொண்டே தேய்த்தார். பிசின் திரண்டு உருண்டு வந்தது.

"இந்த வேலையைத் தண்ணி செஞ்சுதா?"

"இல்லையேம்மா."

"கீரையில இருக்கிற சத்தும் அப்படித்தான். சிலது எண்ணெய் இருந்தாத்தான் உடம்புல சேரும்."

"அப்ப நான் சாப்பிடலாமா? எவ்வளவு?"

"இப்ப எவ்வளவு விட்டேன்?"

"அரைக் கரண்டிகூட இருக்காது."

"எண்ணெயில கை குளிக்கலையே? அவ்வளவு போதும்."

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கண்ணும் கலங்கியது. இத்தனை மாதமாக அடைத்துக்கிடந்த மூச்சு நிம்மதியாக வெளியே வந்தது.

சந்தோஷத்தில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ப் பரணிலிருந்து ஒரு தூக்குவாளியை இறக்கினார்.

"எனக்கு நெஞ்சுவலி வர்றதுக்கு முன்னாடி குருபூசைக்கு வடை சுட்டு மிஞ்சின எண்ணெய்மா. ரெண்டு மூணு தடவை காய்ச்சினதுதான். வீணாக்குவானேன்? இதுலயே தாளிச்சுடறேன்."

அம்மை அவர் இடது கையைப் பார்த்தார்.

"இந்தக் கையில இன்னும் பிசின் இருக்கே. அதையே ஊத்தித் தேயுங்க."

மூடியைத் திறந்தார். எண்ணெய் கறுத்துக் கெட்டியாகியிருந்தது. சிக்கு வாடை மூக்கிலடித்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இதையா? கை நாறிப்போகும்மா!"

"கையைக் கழுவிக்கலாம் ஐயா," என்றார் அம்மை. "வயித்துக்குள்ள போனதை எங்க கொண்டுபோய்க் கழுவுவீங்க?"

மாசிலாமணி மூடியை அழுத்தி மூடினார். தூக்குவாளியை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, நல்லெண்ணெயில் கடுகு தாளித்தார். அன்று பந்தியில் அவரே இரண்டாம் முறை சோறு கேட்டு இலையைக் காட்டினார்.